எட்டு இடத்துக்கு ஒரே பெயரா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், காரைக்குடி ஆச்சிமார், அண்ணன்மார்களுக்கும் வணக்கம். 'பேச்சில் வரும் கோளாறு எதுவானாலும் தடுமாற்றம் என்ற ஒரு சொல் போதும். திக்கல், குழறல், தெற்றல் எல்லாம் கேலிச் சொற்கள்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். தடுமாற்றம் காலுக்கும் வரும், கணக்குக்கும் வரும். வாய்க்கு வந்தது எது என்று சொல்ல வேண்டாமா?

தேன்குழல் பிழியும் ஆச்சிமாருக்கு இது தெரியும். மாவு இறுகினால் கை அழுத்தும், அச்சுக்கண் விடாது. அதுதான் திக்கல். மூச்சு தள்ளும், உதடோ நாவோ திறக்காது. 'ப்..ப்..பணம்' என்று முதல் எழுத்திலேயே நிற்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கும். சில நேரம் ஓசையே எழாது. சொல்ல நினைத்தது என்ன என்பது மட்டும் திக்குகிறவருக்குத் தெளிவாகத் தெரியும். மாவு இளகிவிட்டாலோ அடைப்பே இல்லை, இழைகள் ஒட்டிக் கலைந்து விழும். அது குழறல்.

'திக்குத் தெரியாமல் நிற்பதால் திக்குவாய்' என்றார் எதிரணி நண்பர். நீங்களும் கைதட்டினீர்கள்! திசையைச் சொல்லும் திக்கு வடசொல், பெயர்ச்சொல். இதுவோ வினை: திக்கினான், திக்குகிறான். தெற்று என்றால் இடறு. தெற்றுவாய்தான் பேச்சில் தெத்துவாய். விக்கல் நமக்குத் தண்ணீர் குடித்தால் போகும். மலையாளத்தில் 'விக்கு' என்றாலே பேச்சுத் திக்கல்.

தொல்காப்பியர் எழுத்துப் பிறக்கத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடம் எண்ணினார். எட்டில் பிறப்பது கெட்டால் மட்டும் ஒரே பெயரா?

பெயர் மாறினால் உயிர் போகும் ஐயா. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். நேற்றுவரை நன்றாகப் பேசிய பெரியவருக்குத் திடீரென்று பேச்சு குழறி, வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்தால் அது பக்கவாதம். மூளை இரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். 'தடுமாறுது, தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று படுக்க வைத்தால் அந்த நேரம் போய்விடும். தண்ணீரும் கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போகும். 108-ஐக் கூப்பிட்டு, 'பேச்சு குழறுது, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது' என்று சொல்லுங்கள்.

கேலி என்றார். கேலி 'திக்கு'வில் இல்லை, பின்னால் ஒட்டும் 'வாயன்'-இல் இருக்கிறது. அதை வெட்டுங்கள், நானும் கத்தி தருகிறேன். பிள்ளை 'ப'வில் நின்றால் வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், 'மெதுவாப் பேசு' என்று அதட்டாதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், அவனே முடிப்பான். மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்காருகிறேன்.