அமெரிக்காவில் பிறக்கப் போகும் பேரனுக்கு அவர்கள் வாயில் நுழைகிற பெயர்தான் வைக்க வேண்டுமா?

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீளமான குரல் பதிவு, சுருக்கிச் சொல்கிறேன். மகன் டெக்சஸில் வேலை பார்க்கிறார். ழகரம் வரும் நல்ல தமிழ்ப் பெயர். ஆபீஸில் அதை வெட்டிவிட்டு 'சாம்' ஆகிவிட்டார். மருமகளுக்கு இப்போது எட்டாவது மாதம். பிறக்கப் போகும் குழந்தைக்கும் அங்கிருப்பவர்கள் வாயில் நுழைகிற மாதிரி ரெண்டெழுத்துப் பெயராகத் தேடுகிறார்களாம். தாத்தா பெயர் எங்கேயாவது ஒரு ஓரத்தில் வரக்கூடாதா, இதெல்லாம் நாகரிகமா, இல்லை நம்மைப் பார்த்து நாமே வெட்கப்படுவதா என்று கேட்கிறார்கள். கடைசியில், "நான் சொன்னா சண்டை வரும், நீங்க சொன்னா கேப்பான்" என்று வேறு ஒரு வரி. கேட்பாரா என்பது சந்தேகம்தான். சரி, சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மா, முதலில் உங்கள் மகன் பக்கம் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கனடாவில் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் டொரண்டோ வட்டாரக் கம்பெனிகளுக்கு ஆயிரக்கணக்கில் வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். ஆய்வு 2011இல் வெளியானது. கனடாவிலேயே படித்து, கனடாவிலேயே வேலை பார்த்த அனுபவம். பெயர் மட்டும்தான் வேறு. ஆங்கிலப் பெயர் உள்ள விண்ணப்பத்துக்கு, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் உள்ளதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாக இன்டர்வியூ அழைப்பு வந்தது. சோறு போடும் விஷயத்தில் ஒருவன் பெயரைச் சுருக்கிக்கொண்டால், மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு அவனுக்குத் தமிழ்ப்பற்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனால் வேலை கிடைத்துப் பல வருஷம் ஆகிவிட்டதே? அதற்குப் பிறகும் 'சாம்' எதற்கு? யாராவது கேட்டார்களா என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "உன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்" என்று எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் நாமே முந்திக்கொண்டு, "கஷ்டமா இருந்தா சாம்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு உறுத்துவது இந்த அவசரம்தான். நூறு வருஷத்துக்கு முன்பு நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்து இறங்கிய ஐரோப்பியர்களின் பெயரைக் குமாஸ்தாக்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள் என்று ஒரு கதை உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பெயர்ப் பட்டியல் கப்பல் புறப்பட்ட ஊரிலேயே எழுதப்பட்டது. தீவில் சரிபார்த்ததோடு சரி. பெயரை மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஊருக்குள் போய்க் குடியேறிய பிறகு தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். பழியை மட்டும் குமாஸ்தா தலையில் போட்டாகிவிட்டது.

சின்னப் பெயர் வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. கமலா என்பதைவிடச் சுலபமான பெயர் ஒன்று சொல்லுங்கள். கமலா ஹாரிஸின் தாயார் நம் மெட்ராஸ் குடும்பத்துப் பெண். 1958இல் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். மகள் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, 2020 அக்டோபரில், அவரோடு செனட்டில் இருந்த உறுப்பினர் ஒருவரே பிரச்சார மேடையில் அந்த மூன்றெழுத்தைக் கன்னாபின்னாவென்று சொல்லிவிட்டு, எதுவோ ஒன்று என்று முடித்துக்கொண்டார். சொல்ல மனசில்லாதவனுக்கு மூன்றெழுத்தும் கஷ்டம்தான்.

அடுத்து தாத்தா பெயர். இங்கேதான் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல். நமக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட் படிவத்தில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனவர்களுக்கு அமெரிக்க விசாவில் என்ன ஆகும் தெரியுமா? உள்ள ஒரே பெயரை சர்நேமில் போட்டுவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதுவே லைசென்ஸிலும் வங்கி அட்டையிலும் ஏறி, டாக்டர் கிளினிக்கில் "ஃப்னு, ஃப்னு" என்று கூப்பிடுவார்கள். 2022 நவம்பரில் அமீரகம்கூட, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்றது. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

சரி, காலியாக விடாமல் அப்பா பெயரை சர்நேமில் போடுகிறோம். உடனே ஆபீஸ் முழுக்க உங்கள் மகனை "மிஸ்டர்" போட்டு அவர் அப்பா பெயரால் கூப்பிடுகிறது. மருமகள் பெயரின் பின்னால் அவருடைய அப்பா. இவர்கள் குழந்தைக்கு எந்த சர்நேம்? அங்குள்ள வழக்கப்படி போட்டால் உங்கள் வீட்டுக்காரர் பெயர்தான் குடும்பப் பெயராக நிற்கும். அம்மா, நீங்கள் கேட்கிற தாத்தா பெயர் கேட்காமலேயே வந்துவிட வாய்ப்பு இருக்கிறது, கவனித்தீர்களா?

இப்படித்தான் வர வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்னார் மகன், இன்னார் மகள் என்றே நம் ஆட்களுக்குப் பதிந்துகொண்டார்கள். சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தை அதிபர் தர்மன் என்றுதான் அழைக்கிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் அதுதான், சண்முகரத்தினம் அப்பா.

தென்னாப்பிரிக்காவில் வேறு மாதிரி ஆனது. 1860இல் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனுக்குப் போனது. பெயர், அப்பா பெயர், ஊர், சாதி எல்லாம் பதிவேட்டில் ஏறின. அதன் பின்னால் போனவர்களின் வம்சத்தில் இன்று கோவெண்டர், மூட்லி, பிள்ளை, படையாச்சி, நாயுடு எல்லாம் குடும்பப் பெயர். கோவெண்டர் என்பது நம் கவுண்டர், மூட்லி நம் முதலி. அங்கே பல பேருக்கு அது சாதிப் பெயர் என்பதே உறைக்காது. "எங்கள் வீட்டுப் பெயர், அவ்வளவுதான்" என்பார்கள். இங்கேயோ 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். விட்டதால்தான் சர்நேம் கட்டம் காலி. அந்தக் காலியிடத்தை நான் குறையாக நினைக்கவில்லை. அதனால்தான் "வெளிநாடு போனா வேணும்" என்று சாதிப் பெயரை மறுபடி எடுத்து ஒட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா பெயர் இருக்கும்போது அதற்கு என்ன தேவை?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் அபார்ட்மென்ட் வாசலில் இருக்கிற நேபாளத்துக்காரர் பெயர் நமக்குத் தெரியுமா? டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற அசாம் பையன்? டைல்ஸ் ஒட்ட வருகிற பீகார்க்காரர்? எல்லோருக்கும் சேர்த்து "பையா" என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். டெக்சஸ்காரன் உங்கள் மகனிடம் பெயரைக் கேட்கவில்லை என்று வருத்தப்படுகிற நாம், கிண்டியிலும் பெருங்குடியிலும் யாரிடமும் கேட்பதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெயர் வைப்பது பெற்றவர்கள் உரிமை; அதில் நீங்கள் யோசனை சொல்லலாம், தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டெழுத்திலும் நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. மதி, கனி, வேல், எது வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதினாலும் சிதையாது. பெரிய பெயர் ஒன்று ஆசையாக இருந்தால் நடுப்பெயராக வைக்கச் சொல்லுங்கள், அங்கே அதற்கென்று தனி இடமே இருக்கிறது. ஆனால் பேச்சை இப்போதே தொடங்குங்கள். நம் ஊர் மாதிரி தொட்டில் போடும் நாள் வரை காத்திருக்க முடியாது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்குள் பிறப்புச் சான்றிதழ் படிவத்தை நிரப்பி வாங்கிவிடுவார்கள். அப்புறம் தயவுசெய்து நியூமராலஜி பார்த்து எங்கேயும் கூடுதலாக ஒரு 'ஏ' சேர்க்கச் சொல்லாதீர்கள். சான்றிதழில் ஒரு எழுத்தும் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துமாக இருந்தால், பின்னால் அலையப் போவது அந்தக் குழந்தைதான்.