மாத்திரை கொண்டு வருபவர் இதையும் கேட்கட்டும்

(தக்கலையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. இந்தக் குமரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்து ஏற்றங்களில் ஏறி இறங்கியவள். இதய நோயும் மறதிநோயும் சேர்ந்தே இருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதில் கொஞ்சம் படித்தது, கொஞ்சம் வீட்டுத் திண்ணைகளில் பார்த்தது, மீதி என் சொந்த அப்பாவிடம் பார்த்தது.

அப்பா வாழைக்குலை மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். செவ்வாழை எத்தனை குலை, நேந்திரன் எத்தனை குலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் நோட்டைத் திறக்காமல் சொல்வார். எழுபது தாண்டியபின் மாரடைப்பு வந்தது. அரசுக் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் கையிலிருந்து பெரிதாக ஒன்றும் போகவில்லை. அந்த உதவியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மறதி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து வந்தது. காலையில் பிரஷர் மாத்திரை போடுவார். அரை மணி நேரத்தில் போட்டதே நினைவிருக்காது, இன்னொன்று போடுவார். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மூன்று மாத்திரை போட்டிருக்கிறார். பிரஷர் இறங்கி அடுக்களைப் படியில் விழுந்தார். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "வயசாயிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு, சத்து மாத்திரை ஒன்று சேர்த்து எழுதினார்கள். ஏற்கெனவே ஐந்து, இப்போது ஆறு. அதை யார் எடுத்துக் கொடுப்பது, அவர் மறந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் இதை 'அறளை பேர்ந்துபோச்சு' என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். நானும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்தான். வயதானால் எல்லோருக்கும் வருவது என்று அந்தச் சொல் நம்மை நம்பவைத்துவிடுகிறது. ஆனால் இந்த மறதிநோய், டாக்டர்கள் டிமென்ஷியா என்பது, மூளையில் வரும் நோய். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரின் மூளையைப் பரிசோதித்து அதில் கண்ட மாற்றங்களை விவரித்தார். அதனால்தான் இதில் அதிகம் காணப்படும் வகைக்கு அவர் பெயர் வந்தது. 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர்.

சரி, இதற்கும் இதயத்துக்கும் என்ன?

மூளை நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை அதற்கே போகிறது. பிரஷர் பல வருஷம் கூடியே இருந்தால் மூளைக்குள் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் தடித்துக் குறுகிவிடும். அங்கங்கே கடுகளவு இடங்கள் ரத்தம் இல்லாமல் செத்துப்போகும். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. கை கால் விழாது, வாய் கோணாது. ஐந்து வருஷம் கழித்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

டிமென்ஷியா முழுக்க இப்படித்தான் வருகிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் 2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்றது. அவற்றை வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பட்டியலைப் பாருங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் பருமன், உடம்பை அசைக்காமல் இருப்பது. இதய டாக்டர் சுவரில் ஒட்டியிருக்கும் அதே பட்டியல். காது கேளாமை, கண் மங்கல், பேச ஆளில்லாத தனிமை இவையும் அதில் உண்டு. பிள்ளைகள் வளைகுடாவில், பெரியவர்கள் மட்டும் பெரிய வீட்டில் என்று இருக்கும் நம் மாவட்டத்துக்கு அந்தக் கடைசிச் சொல் நன்றாகவே பொருந்தும்.

இதயத்துக்காக நம் அரசு செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளை நான்கு தொகுப்புகளாகச் சேர்த்து ஒரு திட்டத்தைச் செய்து பார்த்தார்கள். சின்ன மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாரடைப்பு வந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சு வலியோடு வருபவருக்கு உடனே கொடுக்க, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு, ஆக 14 மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் அவசரத்துக்கு இருப்பில் இருக்கவேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்குடியிருப்பில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். வழியிலேயே முதல் மருந்து உள்ளே போய்விடுவது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது: "எனக்கு நெஞ்சு வலிக்குது." அதைச் சொல்லத் தெரியாதவரை என்ன செய்வது?

அப்பாவுக்கு இரண்டாவது மாரடைப்பு வந்த சாயங்காலம் அவர் வலி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். கஞ்சியைத் தள்ளிவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது. பிடிவாதம் என்று நினைத்தேன். முப்பது வருஷம் செவிலியராக இருந்த நான் மூன்று மணி நேரம் அப்படி நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கூட இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. எந்த மருத்துவமனை என்று சொல்ல நான் வரவில்லை, விதி எங்கும் ஏறக்குறைய அதுதான். அவருக்கு அந்த இடம் எது என்று தெரியாது. முகமூடி போட்டவர்கள் யார் என்று தெரியாது. ராத்திரி பகல் தெரியாத வெளிச்சம். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கிவிட்டார். கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். மறுநாள் பத்து நிமிஷம் பார்க்க விட்டபோது, கட்டின கையோடு என்னைப் பார்த்து, "கணக்கு முடிஞ்சுட்டு, வீட்டுக்குப் போவோம் மக்களே" என்றார். இதயத்தைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்தவர் முன்பிருந்த ஆள் இல்லை. டிமென்ஷியா இருப்பவரை அறிமுகமில்லாத இடத்தில் தனியே விட்டால் குழப்பம் பல மடங்கு கூடும், அது பல நேரம் முழுதாகத் திரும்புவதும் இல்லை. நான் அன்று அந்தக் கட்டிலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் துணி தேவைப்பட்டிருக்காது. அந்த நர்ஸ் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஒருத்தி எத்தனை பேரைப் பார்ப்பாள்?

அதனால் அரசிடம் கேட்கவேண்டியவற்றில் இதை முதலில் வைக்கிறேன். மறதிநோய் இருக்கிறவருக்கு, எந்த வார்டானாலும், வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்கலாம் என்று ஓர் ஆணை. இதற்குக் கட்டடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு ஸ்டூல் போதும்.

அடுத்தது, என் மனசுக்கு இன்னும் நெருக்கமானது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வருகிறார். நடக்க முடியாதவருக்குப் பிசியோதெரபி, படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிக்கும் பராமரிப்பு, எல்லாம் அதில் உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: மாத்திரை கொடுக்க வருகிற அந்தப் பெண் பிரஷர் பார்த்தபிறகு மறதியைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கட்டும். போன மாதம் கொடுத்த மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். மிச்சக் கணக்கு தப்பினால் அதுவே ஒரு பரிசோதனை. அப்புறம், மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்று அவர் பெயரையும் பதிவேட்டில் எழுதட்டும்.

கேள்விகள் நம் ஊருக்குத் தக்கதாக இருக்கவேண்டும். ஆங்கிலத் தேதி கேட்டால் பள்ளிக்கூடம் போகாத ஓர் ஆச்சி முழிப்பாள், அதை வைத்து அவளுக்கு மறதி என்று எழுதிவிடக்கூடாது. சுசீந்திரம் தேர் எந்த மாதம், கோட்டாறு சவேரியார் திருவிழா வருவது மழைக்கு முன்னா பின்னா, கடைசிப் பேத்தியின் பெயர் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியவேண்டும்.

'ஏற்கெனவே வேலைப் பளு, இதையும் ஏற்றினால் எப்படி' என்பீர்கள். நியாயம்தான். தன்னார்வலர் என்ற பெயரை வைத்துக்கொண்டு குறைந்த தொகையில் வேலை வாங்குவதைத் தொடர்ந்துகொண்டே இதையும் ஏற்றச் சொல்லமாட்டேன். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் பயிற்சியும் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் பலன் என்ன என்று பாருங்கள். சீனாவின் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 326 கிராமம், ஏறக்குறைய 34 ஆயிரம் பேர். பெரிய டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களே பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நான்கு வருஷத்தில் டிமென்ஷியா வருவது 15 சதவீதம் குறைந்தது. 2025இல் வெளியானது. நம் ஊரில் மாத்திரைப் பையோடு நடக்கிற பெண், இதயத்துக்கு என்று நினைத்துக் கொடுக்கும் பிரஷர் மாத்திரையில் மூளைக்கும் காவல் இருக்கிறது. அது அவளுக்கே தெரியாது. அதை அவளிடம் சொல்லவேண்டாமா?

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அடங்கும். 2024இல் மத்திய அரசும் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் என்றது. நல்லதுதான். ஆனால் காப்பீடு என்பது பெரும்பாலும் கட்டிலில் சேர்த்துச் செய்யும் வைத்தியத்துக்கு. டிமென்ஷியா வைத்தியம் நடப்பது அடுக்களையிலும் குளிமுறியிலும். செய்பவள் மகள், அல்லது மருமகள். முந்திரி உடைக்கும் அண்டிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாமியாரைக் காவல் காக்கும் பெண்ணுக்கு எந்த அட்டையிலும் இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோயின் பெயர் இருக்கிறது, டிமென்ஷியா பெயர் இல்லை. அந்த ஒரு சொல் சேர்ந்தால் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் வாசல் திறக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் டிமென்ஷியாவுக்கென்று ஒரு செயல்திட்டம் போட்டது. 2025க்குள் நான்கில் மூன்று பங்கு நாடுகள் தங்களுக்கென ஒரு கொள்கை வைத்திருக்கவேண்டும் என்றது. அது நடக்காமல் 2031 வரை நீட்டியிருக்கிறார்கள். டெல்லி எழுதட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை. எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் 'ஓர்மத்தோணி' என்ற பெயரில் கேரள அரசு டிமென்ஷியாவுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கிவிட்டது. 1956 வரை நாமும் அவர்களும் ஒரே சமஸ்தானத்தின், பிறகு ஒரே மாநிலத்தின் ஆட்கள். இன்றும் நெஞ்சுக்கு ஒன்று என்றால் நம்மில் பாதிப்பேர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். நல்ல யோசனையையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

பேசி முடித்ததும் ஓர் அக்கா எழுந்தார். "எங்க அம்மைக்கு ரெண்டும் உண்டு. நெஞ்சு வலி வந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அம்மா திடீரென்று சாப்பாட்டைத் தள்ளுகிறாரா, மூச்சு வாங்குகிறதா, காரணமில்லாமல் வியர்க்கிறதா, நெஞ்சையோ தாடையையோ இடது கையையோ தடவிக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். நேற்றைவிட இன்று குழப்பம் சட்டென்று கூடியிருந்தாலும் சாதாரணமாக எடுக்காதீர்கள். உடனே 108க்குச் சொல்லுங்கள். மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே போனதும் முதல் வார்த்தையாக, "இவங்களுக்கு மறதி உண்டு, வலியைச் சொல்லத் தெரியாது, ஈசிஜி எடுத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். வெளியே நில்லுங்கள் என்றால், "நான் பக்கத்துல இல்லேன்னா பயந்துருவாங்க" என்று திரும்பவும் கேளுங்கள்.