மக்காச்சோளச் சக்கையும் வெள்ளாட்டுக் குட்டியும்

ஆடு வளர்க்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை இப்போது மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கிறார்கள். ஆலையில் மாவுச்சத்து சாராயமாகிவிடும். புரதம், கொழுப்பு, நார் எல்லாம் சக்கையில் தங்கிவிடும். காயவைத்தால் சோளத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். தீவனக் கடையில் டிடிஜிஎஸ் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். மக்காச்சோளத்தில் 8, 9 சதவீதமாக இருந்த புரதம் இதில் 27, 28 சதவீதம். கடலைப் பிண்ணாக்கு விலை ஏறும்போது குட்டித் தீவனத்துக்கு இது நல்ல துணை.

ஆனால் புரதம் மூன்று மடங்கு ஆவதுபோல, சோளத்தில் இருந்த பூஞ்சை நஞ்சும் மூன்று மடங்கு ஆகிறது. நொதிக்க வைத்தாலும் காய்ச்சினாலும் அந்த நஞ்சு அழியாது. அதனால் மூட்டையை வாங்கும் முன் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். பொன்மஞ்சளாக, லேசான புளிப்பு மணத்தோடு உதிரியாக இருக்க வேண்டும். கருத்து, தீய்ந்த வாடை வந்தால் சூட்டில் புரதம் கெட்டிருக்கும், குட்டிக்குச் சரியாகச் செரிக்காது. கட்டி கட்டியாக இருந்தால் வேண்டவே வேண்டாம். ஈரச் சக்கை மலிவுதான், ஆனால் நம் வெயிலில் மூன்று நான்கு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். குட்டிகளுக்கு அது ஆகாது.

இன்னொன்று, என் மனதை விட்டுப் போகாத விஷயம். ஒரு பண்ணையில் காயடித்த கிடாக்குட்டி ஒன்று முதுகை வளைத்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டு நின்றது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஆண்குறி முடியில் மணல்போலச் சிறு துகள்கள் ஒட்டியிருந்தன. சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. சக்கையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தவிட்டிலும் அப்படியே. இரண்டையும் தாராளமாகக் கொட்டியதன் விளைவு அது. கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதனால் 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 51 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, சக்கை 15, தவிடு 10, கால்சைட் பொடி 2, தாது உப்புக் கலவை 1, சமையல் உப்பு 1 என்று போடுங்கள். புரதம் 18 சதவீதம் வரும். கால்சைட் என்பது சுண்ணாம்புக்கல் பொடி. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு அல்ல. கூடவே அகத்தி, வேலிமசால் தழை கட்டித் தொங்கவிடுங்கள், அவற்றிலும் கால்சியம் உண்டு. தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கட்டும்.

குட்டி மூன்றாவது வாரத்தில் அசைபோடத் தொடங்கும். அதற்கு முன் அதற்குப் பால்தான் உணவு. அப்புறம் இந்தக் கலவையை ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கம்பு நட்டு, உள்ளே தொட்டியை வையுங்கள். இல்லையென்றால் தாய் ஆடு வந்து முதலில் தின்றுவிடும்.