சுயேச்சைக்குப் போட்டா ஓட்டு வீணாகுமா? பாலக்கோடு நேயரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பாலக்கோட்டுல இருந்து. "எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்து ஒரே சின்னம்தான். இப்ப பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையா நிக்கப் போறதா பேச்சு. நல்ல மனுஷன். அவருக்குப் போட்டா ஓட்டு வீணாகுமா, கட்சிக்கே போட்டுடலாமா?"

சரிங்க. கட்சி பார்க்காம ஓட்டுப் போடுறது உங்களுக்குப் புதுசு இல்ல. கிராம ஊராட்சித் தலைவர், கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்ல கட்சிச் சின்னமே கிடையாது. தண்ணி ஒழுங்கா விட்டாரா, தெரு லைட்டு மாத்தினாரான்னு பார்த்துத்தான் குத்துறோம். சட்டமன்றத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல ஓட்டு. அங்க ஆளைப் பத்தி டீக்கடையில விசாரிச்சா போதாது, அவர் வேட்புமனுவோட கொடுக்குற பேப்பரை விசாரிக்கணும். அதுக்கு அப்புறம் வரேன்.

வீணாகுமான்னா, தோத்த கட்சிக்கு விழுற ஓட்டும் அதே கணக்குதானே? ஆனா ஒண்ணு. 2021ல கிருஷ்ணகிரி தொகுதியில ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் 794 ஓட்டுதான் வித்தியாசம். அப்படி இழுபறியா இருந்து, ரெண்டு பேர்ல ஒருத்தர் வரவே கூடாதுன்னு நீங்க நினைச்சா, யோசிச்சுப் போடுங்க. ரெண்டு பேர்ல யார் வந்தாலும் ஒண்ணுதான்னா, கவலையே வேண்டாம்.

சுயேச்சை ஜெயிக்கவே மாட்டாரான்னா, தளி தொகுதியில 2006ல ராமச்சந்திரன் சுயேச்சையாத்தான் ஜெயிச்சார். 2011ல அதே ஆள் அதே தொகுதியில இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர். தப்புன்னு சொல்லல. நாளைக்கு எந்தப் பக்கம் போவீங்கன்னு உங்க ஆளை இன்னைக்கே கேட்டு வெச்சுக்கணும்னு சொல்றேன். கட்சி தாவல் தடைச் சட்டப்படி, சுயேச்சையா ஜெயிச்சவர் பதவியில இருக்கும்போதே கட்சியில சேர்ந்தா பதவி போயிடும். சேராம வெளியில இருந்து ஆட்சிக்குக் கை தூக்கலாம், அதுக்குத் தடை இல்ல. கட்சிக்காரரைக் கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சி போடுற உத்தரவு, கட்டிப் போடும், இவரை யாரும் கட்ட முடியாது. நல்லவரா இருந்தா அது பலம், இல்லன்னா விலை பேசுற இடம். அதனால "நம்பிக்கை ஓட்டெடுப்பு வந்தா யாருக்குப் போடுவீங்க?"ன்னு ஊர்க்கூட்டத்துல நாலு பேர் முன்னாடி கேளுங்க. மழுப்பினா புரிஞ்சுக்கலாம்.

தொகுதி மேம்பாட்டு நிதி எல்லா எம்.எல்.ஏ.க்கும் ஒண்ணுதான். அமைச்சரைப் பார்த்து வேலை வாங்குறதுதான் சுயேச்சைக்குக் கஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்ல. தருமபுரி-மொரப்பூர் ரயில் பாதையை நான் கொண்டு வரேன்னு சட்டமன்ற வேட்பாளர் சொன்னா, ரயில்வே மத்திய அரசு கையில இருக்குன்னு ஞாபகப்படுத்துங்க. கட்சிக்காரருக்கும் இதே கேள்விதான்.

இப்ப பேப்பர். வேட்புமனுவோட படிவம் 26ல பிரமாணப் பத்திரம் கொடுக்கணும். தேர்தல் ஆணைய வெப்சைட்லயும் 'நோ யுவர் கேண்டிடேட்' ஆப்லயும் பேரைப் போட்டா வரும். முதல்ல நிலுவை வழக்கு. வழக்கு எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீங்க, பிரிவைப் பாருங்க. சாலை மறியல் வழக்கும் அடிதடி வழக்கும் ஒண்ணு இல்ல. அப்புறம் அஞ்சு வருஷ வருமானத்தையும் சொத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. வருமானம் மூணு லட்சம், நிலம் மட்டும் கூடிக்கிட்டே போகுதுன்னா கேள்வி இருக்கு. அவர் பேருல ஒண்ணும் இல்லாம இருக்கலாம், மனைவி பேருல இருக்குற சொத்துக் கட்டத்தையும் விட்டுடாதீங்க.

அடுத்தது டம்மி. பெரிய கட்சிக்காரங்களே சில பேரைச் சுயேச்சையா இறக்குவாங்க. எதுக்குன்னா ஒவ்வொரு வேட்பாளருக்கும் பூத் ஏஜென்ட் வைக்க உரிமை உண்டு, பிரச்சார வண்டிக்கு அனுமதி உண்டு. டம்மி பேருல உட்காருற ஏஜென்ட் வேலை பார்க்கிறது கட்சிக்கு. கண்டுபிடிக்க வழி இருக்கு. சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர் 10 பேர் முன்மொழியணும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒருத்தர் போதும். மனு கொடுத்தவங்க விவரம் தேர்தல் நடத்தும் அலுவலர் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில ஒட்டுவாங்க. அந்த 10 பேர்ல ஏழெட்டுப் பேர் ஒரே கட்சியோட கிளைச் செயலாளருங்கன்னா, இந்தச் சுயேச்சை யாரோட ஆளுன்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்லவா வேணும்?

உண்மையான சுயேச்சைக்குப் பூத்துல உட்கார ஆள் கிடைக்காம போறதுதான் பெரிய குறை. ஓட்டுப்பதிவு முடிஞ்சதும் எத்தனை ஓட்டு பதிவாச்சுன்னு 17சி படிவத்துல எழுதி ஏஜென்ட்டுக்குக் காப்பி கொடுப்பாங்க. ஆள் இல்லாத பூத்துல அந்தக் காப்பி இவர் கைக்கு வராது. எண்ணிக்கை அன்னைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் இருக்காது. உங்களுக்கு அவர் மேல அவ்வளவு நம்பிக்கைன்னா, உங்க பூத்துக்கு நீங்களே ஏஜென்ட்டா போங்க. நீங்க அந்தத் தொகுதி வாக்காளரா இருந்தா போதும்.

சின்னம் கடைசியிலதான் தெரியும். வாபஸ் வாங்குற நாள் முடிஞ்ச பிறகுதான் ஒதுக்குவாங்க. அதுக்கப்புறம் பிரச்சாரத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வாரம்தான். மெஷின்ல முதல்ல அங்கீகரிக்கப்பட்ட கட்சிங்க, அப்புறம் பதிவு பெற்ற கட்சிங்க, சுயேச்சைங்க கடைசி. ஒரு பெட்டியில 16 பொத்தான், நோட்டாவும் அதுலயே. வேட்பாளர் 15 பேருக்கு மேல போனா ரெண்டாவது பெட்டி வரும், உங்க ஆள் அதுலகூட இருப்பார். ஒரே பேருல பல பேர் நிக்கிறதும் நடக்கும். 2024ல ராமநாதபுரத்துல சுயேச்சையா நின்ன ஓ.பன்னீர்செல்வத்தோட, அதே பேருல இன்னும் அஞ்சு பேர் நின்னாங்க. அதனால பேரை மட்டும் படிச்சிட்டு அழுத்தாதீங்க. போட்டோவையும் சின்னத்தையும் பாருங்க. பொத்தானை அழுத்தினதும் விவிபேட், அதாவது யாருக்குப் போட்டோம்னு சீட்டுல காட்டுற மெஷின், அதோட கண்ணாடியில சீட்டு 7 விநாடி தெரியும், அதைப் பார்த்துட்டு வெளிய வாங்க.