வண்ணார் துறையில் தகப்பனும் மகனும்

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சின்னக் களிமண் துண்டு]

இந்தக் களிமண் துண்டைப் பாருங்க. சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு. 2009-ல எருசலேம் ஆலய மலையோட தெற்குச் சுவர் அடிவாரத்துல தோண்டினப்போ கிடைச்சது. யாரோட முத்திரைன்னு படிச்சு உலகத்துக்கு அறிவிச்சது 2015-லதான். பின்பக்கத்துல நூல் அழுந்தின தடம் இருக்கு. பாப்பிரஸ்ங்கிற நாணல் தாள் சுருளை நூலால கட்டி, மேல ஈரக் களிமண்ணை அப்பி, முத்திரையை அழுத்தியிருக்காங்க.

எழுத்து என்ன சொல்லுது? யூதாவின் ராஜாவான ஆகாசின் மகன் எசேக்கியாவுக்குரியது.

ஆகாசின் மகன். இந்த முத்திரையை எத்தனை ஓலைக்குப் போட்டிருந்தாலும் அப்பா பேரும் கூடவே விழுந்திருக்கும். அது சுமக்கிறதுக்கு லேசான பேர் இல்லை.

[வரைபடம்: எருசலேம், சமாரியா, தமஸ்கு, அசீரியா]

ஆகாஸ் ஆரம்பத்துல பண்ணினது ஒண்ணுதான்: பயந்தான். சீரியாவும், யூதாவுக்கு வடக்கே தனி ராஜ்யமா இருந்த இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேம் மேல படையெடுத்து வர்ற நேரம். ஏசாயா தீர்க்கதரிசி அவனைப் பார்க்கப் போறாரு. எங்கேன்னு ஏசாயா 7-ஆம் அதிகாரம் இடஞ்சுட்டிச் சொல்லுது: வண்ணார் துறைக்குப் போற வழி, மேற்குளத்து மதகோட கடைசி. முற்றுகை வந்தா தண்ணிக்கு என்ன வழின்னு பார்க்க ராஜா அங்க நின்னிருப்பான்னு நான் நினைக்கிறேன். ஏசாயா சொன்னது: “நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்.”

ஆகாஸ் கேக்கலை. ஆலயத்துல இருந்த வெள்ளியையும் பொன்னையும் அள்ளி அசீரிய ராஜாவுக்கு அனுப்பினான். கூடவே ஒரு வார்த்தை: “நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனுமாயிருக்கிறேன்.” தாவீதின் வம்சத்துல வர்ற ராஜாவை ‘எனக்குக் குமாரன்’னு சொன்னது கர்த்தர். அந்த உறவைத்தான் இவன் அசீரியாக்காரன் கால்ல கொண்டுபோய் வைக்கிறான். எனக்கு ஆகாஸ் கதையிலேயே ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் சறுக்கு மரம். தமஸ்குல பார்த்த ஒரு பலிபீடம் பிடிச்சுப்போய், அதோட மாதிரியை ஆசாரியன் உரியாவுக்கு அனுப்பினான். ராஜா ஊர் திரும்புறதுக்குள்ள உரியா கட்டியே முடிச்சுட்டான். ஆகாஸ் சொந்தப் பிள்ளையைப் பலியா தீயில கடக்கப்பண்ணினான்னும் எழுதியிருக்கு. யோசிச்சுப் பாருங்க, அது எசேக்கியாவோட சகோதரன். கடைசியில ஆலயக் கதவையே பூட்டியாச்சு.

[திரையில்: கனத்த மரக்கதவுகள்]

எசேக்கியாவுக்குப் பட்டம் கட்டினப்போ வயசு 25. முதல் வருஷம், முதல் மாசத்துலயே கதவைத் திறந்துட்டான். ஆலய ஊழியக்காரங்களான லேவியரைக் கூட்டி வெச்சு, நம்ம பிதாக்கள் துரோகம் பண்ணினாங்க, கர்த்தருக்கு முதுகைக் காட்டினாங்க, விளக்கை அணைச்சாங்கன்னு வெளிப்படையாப் பேசுறான். பெத்தவங்க தப்பை மூடி மறைக்கிறதுதான் மரியாதைன்னு வளர்ந்தவங்க நாம. இவன் மறைக்கலை. அதே சமயம் ஆகாஸ் பேரைச் சொல்லித் தூற்றவும் இல்லை. “நம்முடைய பிதாக்கள்”னு தன்னையும் அந்தக் குடும்பத்துல வெச்சுத்தான் பேசுறான்.

அப்புறம் துப்புரவு வேலை. உள்ளே போக ஆசாரியருக்கு மட்டும்தான் அனுமதி. அவங்க அழுக்கை எல்லாம் பிராகாரத்துக்குக் கொண்டுவந்து போட, லேவியர் அங்கிருந்து கீதரோன் ஆத்துக்குச் சுமந்தாங்க. மண்டபம் வரைக்கும் வர 8 நாள், ஆலயத்துக்கு இன்னும் 8 நாள். முடிச்சது முதல் மாசம் 16-ஆம் தேதி. எகிப்துல இருந்து விடுதலையானதை நினைக்கிற பஸ்கா பண்டிகையோ 14-ஆம் தேதி! ரெண்டு நாள்ல தவறிப்போச்சு. சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விடலை. அடுத்த மாசம் 14-ஆம் தேதி ஆசரிச்சாங்க. அதுக்கு அழைப்புக் கடிதம் வடக்கே எப்பிராயீம், மனாசே கோத்திரங்களோட நாடு வரைக்கும் போச்சு. உங்க பிதாக்களைப்போல இருக்காதீங்கன்னு அதுல எழுதியிருந்தது. நிறையப் பேர் படிச்சுட்டுச் சிரிச்சாங்க. சிலர் கிளம்பி வந்தாங்க.

இன்னொண்ணு செய்தான், அதுக்குத்தான் நிஜமான துணிச்சல் வேணும். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை உடைச்சான். ஒரு காலத்துல பாம்பு கடிச்ச ஜனங்க அதைப் பார்த்துத்தான் உயிர் பிழைச்சாங்க. காலப்போக்குல அதுக்கே தூபம் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நிகுஸ்தான்னு அதுக்குப் பேர். வெறும் வெண்கலத் துண்டு.

[திரையில்: அசீரியப் படை]

இனி கஷ்டமான பகுதி. கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதா மேல வர்றான். அரணான 46 பட்டணங்களைப் பிடிச்சதா அவனே தன் களிமண் சாசனத்துல பெருமை அடிச்சிருக்கான். எசேக்கியா என்ன பண்ணினான் தெரியுமா? 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் (தாலந்து அந்தக் காலத்து எடை அளவு). தான் தகடு அடிச்ச ஆலயக் கதவுல இருந்தே பொன்னைச் சுரண்டிக் குடுத்தான். அப்பா செஞ்ச அதே காரியம்! பிரசங்கங்கள்ல இந்த வசனத்தைத் தாண்டிப் போயிடுறாங்க. தாண்டக் கூடாது.

பொன் போச்சு, படை போகலை. அசீரியத் தளபதி ரப்சாக்கே வந்து நின்னு, உங்க தேவன் காப்பாத்துவாரான்னு கத்துறான். எங்க நின்னு? வண்ணார் துறைக்குப் போற வழி, மேற்குளத்து மதகு. 30 வருஷத்துக்கு முன்னால ஆகாஸ் நின்ன அதே இடம். இடமும் மாறலை, கேள்வியும் மாறலை.

இந்தத் தடவை எசேக்கியா கஜானாப் பக்கம் போகலை. மிரட்டி வந்த கடிதத்தை எடுத்துட்டு, தான் திறந்து வெச்ச ஆலயத்துக்குள்ள போய், கர்த்தருக்கு முன்னால விரிச்சு வெச்சான். எருசலேம் விழலை.

[திரை மெல்ல இருளுது]

அவனுக்குப் பிறகு மகன் மனாசே, 12 வயசுல ராஜாவானான். 55 வருஷம் ஆட்சி. தகப்பன் இடிச்ச விக்கிரக வழிபாட்டு மேடைகளைத் திரும்பக் கட்டினான். ஆலயத்தோட ரெண்டு பிராகாரத்துலயும் வானத்துச் சேனைகளுக்கு, அதாவது சூரியன், சந்திரன், நட்சத்திரங்களுக்கு, பலிபீடம் வெச்சான். லேவியர் அழுக்கைச் சுமந்துட்டுப் போன அதே தரையில.