ஜெயிலுக்குப் போன கம்பவுண்டரை சட்டசபைக்கு அனுப்பினது யாரு?

அடுத்த கேள்வி. மண்ணெண்ணெய் விளக்கு பத்தின வீடியோவைப் பாத்துட்டு ஒருத்தர் கேட்டிருக்காரு: "இக்னாட்ஸி வுகாஷியேவிச் மருந்துக்கடைல வேலை பாத்தவரு, அரசியல் கைதியா உள்ள இருந்தவரு, கடைசில சட்டசபை உறுப்பினர்னு சொன்னீங்க. இப்படி ஒரு கம்பவுண்டரை யாரு சட்டசபைக்கு அனுப்புவா?"

சரியான கேள்விங்க. முதல்ல ஜெயில் விஷயம். அப்போ போலந்துன்னு தனி நாடு கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் பங்கு போட்டுக்கிட்டாங்க. இவரோட கலீசியா மாகாணம் ஆஸ்திரியா கையில. சின்ன வயசுலயே மருந்துக்கடைல வேலைக்குச் சேர்ந்தவரு, விடுதலைக்காக ரகசியமா வேலை செஞ்சவங்களோட சேர்ந்துட்டாரு. 1846ல பிடிச்சாங்க, 1847 கடைசிலதான் விட்டாங்க. விட்டும் லிவிவ் நகரத்தைத் தாண்டக்கூடாதுன்னு கட்டுப்பாடு. அந்த ஊர்லதான் மிக்கொலாஷ் மருந்துக்கடைல வேலை கிடைச்சுது. அங்க கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிச்சு மண்ணெண்ணெய் எடுத்தது, 1853 ஜூலை 31 ராத்திரி ஆஸ்பத்திரில அந்த வெளிச்சத்துல ஆபரேஷன் நடந்தது, எல்லாம் போன தடவையே பாத்தோம்.

இப்ப கேள்விக்கு வருவோம். அவர் கலீசியா மாகாண சட்டசபைக்குப் போனது 1877ல. நடுவுல கிட்டத்தட்ட 25 வருஷம்! 1854ல போப்ர்காங்கற கிராமத்துல எண்ணெய்க் கிணறு தோண்ட ஆரம்பிச்சாரு, கூட்டாளி திதுஸ் த்ஷெச்செஸ்கி. கோர்லிட்ஸெ ஊர்ல மருந்துக்கடையும் நடத்தினாரு. உலாஷொவிட்ஸெல கட்டின சுத்திகரிப்பு ஆலை 1859ல எரிஞ்சே போச்சு. மனுஷன் விடல. 1865ல ஹோர்குஃப்கா பண்ணையை விலைக்கு வாங்கினாரு. நிலம் வந்ததும் அவர் நிலைமையே மாறிடுச்சு, ஏன்னா கலீசியாவுல ஆளுக்கு ஒரு ஓட்டெல்லாம் கிடையாது. பெரிய நிலக்காரங்க, வணிக சபை, நகரம், கிராமம்னு தனித்தனிப் பிரிவு, ஒவ்வொரு பிரிவும் தன்னோட உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும். சொத்தும் வரியும் இல்லாதவனை அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க.

ஆனா சொத்து இருந்த எல்லாருக்கும் அவரளவு மதிப்பு இருந்ததா? இல்ல. இவர் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ரோடு போட்டாரு, பாலம் கட்டினாரு. "இந்த ரோடெல்லாம் என் குல்டன்ல போட்டது"ன்னு அவர் வேடிக்கையா சொல்வார்னு ஒரு பேச்சு உண்டு. குல்டன்னா அந்தக் கால ஆஸ்திரியக் காசு. கிணத்துல வேலை பாத்தவங்களுக்கு ஒரு நிதி வச்சாரு: சம்பளத்துல சின்னப் பங்கு பிடிப்பாங்க, உடம்பு சரியில்லன்னா, வயசாயிட்டா, அதுலருந்து உதவி. போப்ர்கா பொண்ணுங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்குடுக்க ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினாரு. என்னைக் கேட்டா, ஜனங்க பாத்தது அந்தப் பழைய கைதியை இல்ல, இந்த மனுஷனைத்தான்.

இன்னொன்னும் உண்டு. 1866ல ஆஸ்திரியா பிரஷ்யாகிட்ட தோத்துது. அதுக்கப்புறம் கலீசியாவுக்கு நிறைய தன்னாட்சி உரிமை கொடுத்தாங்க. ஒரு காலத்துல பேரரசை எதிர்த்தவங்களுக்கும் சபைல உக்கார வழி பிறந்துச்சு.

சபைல என்ன செஞ்சாருன்னு கேட்டா, எண்ணெய்த் தொழிலுக்காகத்தான் பேசினாரு. 1880ல எண்ணெய்த் தொழில்காரங்களுக்கு ஒரு சங்கமும் ஆரம்பிச்சாங்க, அதுக்குத் தலைவர் இவர்தான். 1882 ஜனவரில நிமோனியா வந்து போயிட்டாரு. கலீசியாவுக்கான எண்ணெய்ச் சட்டம் வந்தது 1884ல, அதை அவர் பாக்கல.

சரி, அடுத்த கேள்வி.