காய்ப்பேறிய கைகள்: சீனத்து உழவுத் தெய்வங்கள்

வணக்கம் நேயர்களே. சீனப் புராணம் என்றதும் டிராகனும் குரங்கு அரசனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது உழவுத் தெய்வங்களைப் பற்றி. இவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வரம் கொடுத்துவிட்டு மறைகிறவர்கள் இல்லை இவர்கள். வேலை செய்தவர்கள், அதுவும் உடம்பு தேய்ந்துபோகும் அளவுக்கு.

இதை நானாகச் சொல்லவில்லை. கி.மு. 139-இல் ஹான் பேரரசர் வூவிடம் கொடுக்கப்பட்ட ஹுவாய்நான்சி என்ற நூல், பழைய நாயகர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது: ஷென்னோங் வாடிப்போனார், யாவ் மெலிந்தார், ஷுன் முகம் கறுத்தார், யூவுக்குக் கை கால் காய்த்துப்போனது. ஞானிகள் சும்மா உட்கார்ந்திருந்தாலே உலகம் நடக்கும் என்று வாதாடியவர்களுக்கு அந்த நூல் கொடுத்த பதில் அது.

சரி, யார் இந்த ஷென்னோங்? அவருக்கு முன்னால் மக்கள் கண்ட செடியையும், நத்தையையும் சிப்பியையும் தின்று, அடிக்கடி நோயில் விழுந்தார்களாம். ஐந்து தானியங்களை விதைக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். எந்த மண்ணில் ஈரம் இருக்கிறது, எது வறண்டது, எது மேடு, எது பள்ளம் என்று பார்த்துப் பயிரிடக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு ஊற்று நீராக வாயில் வைத்துப் பார்த்தார், ஒரே நாளில் எழுபது விஷங்களைச் சந்தித்தார் என்கிறது அதே நூல். எது உணவு, எது மருந்து, எது எமன் என்பதை யாராவது ஒருவர் தின்று பார்த்துத்தானே கண்டுபிடித்திருக்க வேண்டும்! பெயர் தெரியாத எத்தனையோ பேர் பட்ட பாட்டை மக்கள் ஒரே உடம்பில் ஏற்றி வைத்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பிற்காலக் கதைகளில் அவருக்குக் கண்ணாடி போன்ற வயிறு, உள்ளே நடப்பது வெளியே தெரியும். கடைசியில் குடலை அறுக்கும் ஒரு செடியைத் தின்று இறந்தார் என்றும் சொல்கிறார்கள். 365 மருந்துப் பொருட்களை விவரிக்கும் பழைய மருத்துவ நூல் ஒன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. ஷான்டோங் மாநிலத்தில், கி.பி. 151-ஐச் சேர்ந்த வூ லியாங் நினைவுக் கோயிலின் கற்சுவரில் அவரைச் செதுக்கியிருக்கிறார்கள். சிம்மாசனம் கிடையாது, குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.

வடக்கே வந்தால் ஹோவ்ஜி, தானியங்களின் தலைவர். சீனாவின் மிகப் பழைய பாடல் தொகுப்பிலேயே அவர் பிறப்பு இருக்கிறது. ஜியாங் யுவான் என்றொரு பெண், ஒரு தெய்வத்தின் காலடித் தடத்தை மிதித்துக் கருவுற்றாள். பிறந்த குழந்தையைச் சந்தில் போட்டார்கள், ஆடுமாடுகள் காத்தன. காட்டில் போட்டார்கள், மரம் வெட்ட வந்தவர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள். பனிக்கட்டி மேல் போட்டார்கள், பறவைகள் சிறகால் மூடின. தவழ்ந்து எழுந்த பிள்ளை பயறு விதைத்தது, சிறுதானியம் விதைத்தது, சணலும் கோதுமையும் சுரைக்காயும் செழித்தன. எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது: பாட்டு அறுவடையோடு நிற்காமல் உரலில் இடிப்பது, புடைப்பது, களைவது, ஆவியில் வேகவைப்பது வரை போகிறது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்கு வந்த சோவ் அரச குலம் இவரைத்தான் மூதாதையாகக் கொண்டாடியது. நாம் முருகனுக்குத் தேனோடு படைக்கிறோமே, அந்தத் தினையும் முதன்முதலில் பயிராக்கப்பட்டது வட சீனாவில்தான்.

யூ கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளத்தைத் தடுக்க அவருடைய தந்தை குன், தானாக வளரும் மாய மண்ணை வானுலகிலிருந்து திருடிவந்து அணை போட்டார், தோற்றார், கொல்லப்பட்டார். மகன் வாய்க்கால் வெட்டி நீரைக் கடலுக்கு வடித்தார்.

இந்தக் கதைகளை வைத்து ஒரு பெரிய அரசியல் சண்டையே நடந்திருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஷென்னோங் வழி நடப்பதாகச் சொன்ன ஷூ ஷிங், முரட்டுத் துணி உடுத்தி, செருப்பும் பாயும் பின்னிப் பிழைத்த தன் சீடர்களோடு டெங் நாட்டுக்கு வந்தார். நல்ல அரசன் என்றால் மக்களோடு சேர்ந்து உழ வேண்டும், தன் சோற்றைத் தானே சமைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கன்பூசியஸ் வழி வந்த தத்துவ ஞானி மென்சியஸ் விடவில்லை. ஷூ ஷிங்கின் சீடர் ஒருவரைப் பிடித்து, உங்கள் ஆசான் தொப்பியைத் தானே நெய்கிறாரா, பானையையும் இரும்புக் கொழுவையும் தானே செய்கிறாரா, தானியம் கொடுத்துத்தானே வாங்குகிறார் என்று மடக்கினார். யூ எட்டு ஆண்டுகள் வெளியே அலைந்து, மூன்று முறை சொந்த வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே போகாமல் வேலை பார்த்தார், அவர் ஆசைப்பட்டிருந்தாலும் உழ நேரம் ஏது என்று கேட்டார். வாதத்தில் வென்றவர் மென்சியஸ்தான், ஆனாலும் என் மனம் ஷூ ஷிங் பக்கமே சாய்கிறது.

பேரரசர்கள் பின்னாளில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். பெய்ஜிங்கில் 1420-இல் உழவுத் தெய்வத்துக்குக் கட்டிய பலிபீட வளாகத்தில், வசந்த காலத்தில் பேரரசரே ஏர் பிடித்துச் சில சால் ஓட்டுவார், மிச்சத்தை மற்றவர்கள் உழுவார்கள். சடங்குதான், ஆனால் அத்தனை அதிகாரம் உள்ளவரையும் சேற்றில் இறக்கியது ஷென்னோங்கின் கதை. அந்த இடம் இப்போது பழங்காலக் கட்டடக்கலை அருங்காட்சியகம். சொர்க்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் பலரும் அதற்கு மேற்கே உள்ள இதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் அவசியம் பாருங்கள். நன்றி, வணக்கம்.